வாயுவை உண்டு வாழும் நுண்ணுயிர்கள்: மரபணு மாற்றமும் ஆற்றல் வரவு செலவும்



எஃகு ஆலையிலிருந்து வெளிவரும் வாயுவிலிருந்து தொடங்குகிறேன். இரும்புத் தாதுவில் இருக்கும் ஆக்சிஜனைப் பறிப்பதற்குக் கரி வேண்டும். பறித்த ஆக்சிஜனோடு சேர்ந்து அந்தக் கரி, கார்பன் மோனாக்சைடாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேறுகிறது. ஊதுலை வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு, பாதி நைட்ரஜன். உருகிய இரும்பை எஃகாக மாற்றும் ஆக்சிஜன் உலையின் வாயுவிலோ பாதிக்கும் மேல் கார்பன் மோனாக்சைடுதான். நமக்கு இது கொடிய நஞ்சு. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு இதைப் பற்றிக்கொள்ளும். குளிருக்காக மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் விடியலில் எழாமல் போவது இதனால்தான்.

இந்த நஞ்சையே உணவாகக் கொண்டு, அதிலிருந்தே உடலைக் கட்டி, அதிலிருந்தே ஆற்றலும் பெற்று, எத்தனாலைக் கழிவாக வெளியே விடும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றில் இன்று தொழிலுலகம் அதிகம் நம்பியிருப்பது கிளாஸ்டிரிடியம் ஆட்டோஎத்தனோஜீனம். பெல்ஜியத்தில் முயல் புழுக்கையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1994-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன் நெருங்கிய உறவான கிளாஸ்டிரிடியம் லியுங்டாலியை அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் கோழிக் கழிவிலிருந்து எடுத்தார்கள். இரண்டுமே ஆக்சிஜன் பட்டால் தாங்காதவை.

இவற்றின் மரபணுக்களை மாற்றி எரிபொருளும் வேதிப்பொருளும் எடுக்கும் முயற்சியே இன்றைய தலைப்பு. இதைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளைப் படித்தால், மரபணுவைத் திருத்தியதும் எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. இந்த உயிர் மிகச் சொற்பமான ஆற்றலில் வாழ்கிறது. அந்தச் சொற்பத்துக்குள் எது அடங்குமோ அதைத்தான் அதனிடம் கேட்க முடியும். இந்தத் துறையின் வெற்றிகளும் தோல்விகளும் பெரும்பாலும் இந்த ஒரு வரம்பிலிருந்து பிறந்தவை என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

முதலில் சிறிது வரலாறு. ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் மட்டும் கொண்டு அசிட்டிக் அமிலம் ஆக்கும் பாக்டீரியாவை 1936-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த வீரிங்கா விவரித்தார். அதற்குக் கிளாஸ்டிரிடியம் அசிட்டிகம் என்று பெயரிட்டார். பின்னர் அந்த வளர்ப்பு தொலைந்துபோனது. பல பத்தாண்டுகள் அது பெயரளவில்தான் இருந்தது. கலிபோர்னியாவில் பார்க்கர் என்ற அறிஞரிடம் வீரிங்காவின் பழைய வித்துகள் கொஞ்சம் எஞ்சியிருந்தன. அவற்றிலிருந்து, ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்து காட்சாக்கின் குழுவினர் 1981-இல் அதை மீண்டும் உயிர்ப்பித்தார்கள். வித்து நிலையில் அவ்வளவு காலம் காத்துக் கிடந்தது அந்த உயிர்.

இடைப்பட்ட காலத்தில் ஆராய்ச்சியைத் தாங்கியது இன்னொரு பாக்டீரியா. 1942-இல் குதிரைச் சாணத்திலிருந்து எடுக்கப்பட்டது. இன்று அதன் பெயர் மூரெல்லா தெர்மோஅசிட்டிகா. இதற்கு ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு கொடுத்தால் மூன்று அசிட்டிக் அமில மூலக்கூறுகளைக் கொடுக்கும். ஆறு கார்பன் உள்ளே, ஆறு கார்பன் வெளியே. ஈஸ்ட்டைப் பழகியவர்களுக்கு இது விளங்காத புதிர். குளுக்கோஸை உடைக்கும்போது இரண்டு கார்பன் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விட வேண்டும். போனது எப்படித் திரும்பி வந்தது?

இந்தப் புதிரோடு வாழ்நாளைச் செலவிட்டவர் ஹார்லண்ட் வுட். மாணவராக இருந்தபோதே, 1935-இல், கரிமப் பொருளை உண்டு வாழும் பாக்டீரியாவும் கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொள்ளும் என்று தம் ஆசிரியர் வெர்க்மனோடு சேர்ந்து சொன்னவர். அன்று பலர் நம்பவில்லை. பார்க்கரும் கேமனும் 1945-இல் கதிரியக்கக் கார்பன்-14 கொண்டு, அந்த மூன்றாவது அசிட்டிக் அமிலம் கார்பன் டை ஆக்சைடிலிருந்தே வருகிறது என்று காட்டினர். அது எந்தெந்தப் படிகளில் நடக்கிறது என்பதை வுட்டும், அவரிடம் பயின்று பின்னர் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்வீடன் நாட்டவர் லார்ஸ் லியுங்டாலும், பிறரும் கண்டுபிடித்து முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அதனால் அது வுட்–லியுங்டால் வழி எனப்படுகிறது. முன்பு சொன்ன கோழிக் கழிவுப் பாக்டீரியாவின் பெயரும் இவரைப் போற்றித்தான்.

அந்த வழியை எளிமையாகச் சொல்கிறேன். அதற்கு இரண்டு கிளைகள். ஒரு கிளையில் ஒரு கார்பன் படிப்படியாக ஹைட்ரஜனேற்றம் பெற்று மீத்தைல் தொகுதியாகிறது. மற்றக் கிளையில் இன்னொரு கார்பன், கார்பன் மோனாக்சைடு வடிவில் ஒரு நொதியின் உள்ளே காத்திருக்கிறது. நிக்கலும் இரும்பும் கொண்ட அந்த நொதியின் மையத்தில் இரண்டும் இணைந்து அசிட்டைல் கோ-ஏ உருவாகிறது. இரண்டு ஒற்றைக் கார்பன்கள் சேர்ந்து ஓர் இரட்டைக் கார்பன், அவ்வளவுதான். உயிர்கள் கார்பனைப் பிடிக்கக் கற்ற வழிகளில் மிகப் பழையது இதுவே என்று பலர் கருதுகிறார்கள். இதன் நொதிகள் நிக்கல், இரும்பு, டங்ஸ்டன், கோபால்ட் என்று உலோகங்களை நம்பி வாழ்வதைப் பார்க்கும்போது எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

இனி ஆற்றல். உயிரணுவின் ஆற்றல் நாணயம் ஏ.டி.பி. இந்த வழியின் தொடக்கத்தில், ஃபார்மேட்டை ஏற்றுக்கொள்ளும் படியில் ஒரு ஏ.டி.பி. செலவாகிறது. முடிவில், அசிட்டைல் கோ-ஏ அசிட்டேட்டாகும்போது ஒரு ஏ.டி.பி. கிடைக்கிறது. போட்டதும் எடுத்ததும் சமம், மிச்சம் பூச்சியம். அப்படியானால் இந்த உயிர் எதை வைத்து வளர்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தந்தவர்களில் முதன்மையானவர் பிராங்க்பர்ட்டின் ஃபோல்கர் முல்லர். உயிரணுச் சவ்வில் ஆர்.என்.எஃப். என்னும் புரதத் தொகுதி இருக்கிறது. எலக்ட்ரான்கள் ஃபெரிடாக்சின் என்னும் எலக்ட்ரான் கடத்தும் புரதத்திலிருந்து இறங்கி வரும்போது கிடைக்கும் சிறு ஆற்றலைக் கொண்டு அது சோடியம் அயனிகளையோ புரோட்டான்களையோ வெளியே தள்ளுகிறது. அவை திரும்ப உள்ளே வரும் வேகத்தில் ஏ.டி.பி. ஆகிறது. லியுங்டாலியில் இந்தத் தொகுதியைச் செயலிழக்கச் செய்தால் வாயுவில் அது வளரவே வளராது என்பது 2012-இல் காட்டப்பட்டது.

எவ்வளவு கிடைக்கிறது? ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் மட்டும் உண்டு வளரும்போது அசிட்டோபாக்டீரியம் வூடி என்னும் பாக்டீரியாவில் ஓர் அசிட்டேட்டுக்கு 0.3 ஏ.டி.பி.தான். சர்க்கரையை நொதிக்கும் ஈஸ்ட்டுக்கு ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏ.டி.பி. அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்துபவரின் கையிருப்பு போன்றது இந்தப் பாக்டீரியாவின் நிலை. புதிய செலவு எதை வைத்தாலும் அது சோற்றிலிருந்துதான் போக வேண்டும். கார்பன் மோனாக்சைடு உணவாகக் கிடைக்கும்போது நிலைமை சற்று மேம்படுகிறது. அதன் எலக்ட்ரான்கள் ஹைட்ரஜனின் எலக்ட்ரான்களைவிட வலுவாக ஆற்றல் தருபவை.

எத்தனால் ஏன் இவ்வளவு எளிதாக வருகிறது என்பதும் இங்கேதான் விளங்கும். ஆட்டோஎத்தனோஜீனம் முதலில் அசிட்டேட்டை ஆக்கி ஏ.டி.பி.யை எடுத்துக்கொள்கிறது. பிறகு டங்ஸ்டன் கொண்ட ஒரு நொதியின் துணையால் அதே அசிட்டேட்டை அசிட்டால்டிஹைடாகவும், பின்னர் எத்தனாலாகவும் மாற்றுகிறது. ஏ.டி.பி.யும் கைக்கு வந்துவிட்டது, மிஞ்சிய எலக்ட்ரான்களும் கழிந்துவிட்டன. எத்தனால் ஆக்குவது இந்த உயிருக்கு இலாபம். அதனால்தான் எந்த மரபணு மாற்றமும் இல்லாமலேயே எத்தனால் தொழில் தொடங்க முடிந்தது.

வேறு பொருள் கேட்டால்? இரண்டு அசிட்டைல் கோ-ஏவை அசிட்டேட்டாக்கினால் இரண்டு ஏ.டி.பி. அதே இரண்டையும் இணைத்து அசிட்டோன் ஆக்கினால் ஒன்றுதான். சமாளிக்கலாம். ரப்பர், வாசனைப் பொருள்கள் ஆகியவற்றின் அடிப்படையான ஐசோப்ரீன் வகைப் பொருள்களை மெவலோனேட் வழியில் கேட்டால், ஐந்து கார்பன் அலகு ஒவ்வொன்றுக்கும் மூன்று ஏ.டி.பி. செலவு, வரவு எதுவுமில்லை. இங்கேதான் கை நடுங்குகிறது. மரபணுவை உள்ளே செலுத்திவிடலாம். உயிரணு அதைப் படிக்கவும் செய்யும். ஆனால் பொருள் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஆய்வுக் கட்டுரைகளில் “இப்பொருளை இப்பாக்டீரியாவில் உருவாக்கிக் காட்டினோம்” என்று காணும் மாணவர்கள், அடுத்த வரியில் லிட்டருக்கு எத்தனை கிராம், மணிக்கு எத்தனை என்று தேடிப் பார்க்க வேண்டும்.

மரபணு வேலையும் எளிதாக வந்துவிடவில்லை. ஈ. கோலையில் ஒரு பிற்பகலில் முடியும் காரியம் இவற்றில் மாதக் கணக்கில் இழுத்தது. அந்நிய டி.என்.ஏ. உள்ளே நுழைந்தால் இவற்றின் தற்காப்பு நொதிகள் அதை வெட்டி எறிந்துவிடும். எனவே முன்கூட்டியே அந்த டி.என்.ஏ.வில் தக்க இடங்களில் மீத்தைல் குறிகளை இட்டு, சொந்த டி.என்.ஏ. போலக் காட்டி உள்ளே அனுப்பக் கற்றார்கள். ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கெப்கேயும் பீட்டர் டூரேயும் சக ஆய்வாளர்களும் 2010-இல் லியுங்டாலியின் மரபணுத் தொகுதியை முழுதாக வெளியிட்டு, அதில் பியூட்டனால் வழியின் மரபணுக்களைச் செலுத்தியும் காட்டினர். பியூட்டனால் கிடைத்த அளவு சிறிது. ஆனாலும் கதவு திறந்தது. மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறை இந்தக் குடும்பத்துக்கு வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து.

இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2022-இல் ‘நேச்சர் பயோடெக்னாலஜி’ இதழில் வந்தது. ஆலை வாயுவிலிருந்து எத்தனால் எடுக்கும் லான்சாடெக் நிறுவனத்தில் சேர்ந்திருந்த கெப்கே, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஜூவெட், ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தினர் ஆகியோரின் கூட்டுப் பணி. நோக்கம், அசிட்டோனும் ஐசோப்ரொப்பனாலும். இதன் பின்னே ஒரு பழைய கதை இருக்கிறது. முதல் உலகப் போரில் வெடிமருந்துக்கு அசிட்டோன் தேவைப்பட்டது. மான்செஸ்டரில் இருந்த சைம் வைஸ்மன் மக்காச்சோளத்தைப் பாக்டீரியாவால் நொதிக்கவைத்து அதைத் தந்தார். அந்தத் தொழில் பல நாடுகளுக்குப் பரவியது. பிறகு பெட்ரோலிய வேதித்தொழில் அதை விழுங்கிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டன் ஆலையோ 1980களின் தொடக்கம் வரை தாக்குப்பிடித்தது. அழிந்த அந்தத் தொழிலின் பாக்டீரியா வகைகளை நியூசிலாந்தின் டேவிட் ஜோன்ஸ் சேகரித்துக் காத்து வந்தார். அவற்றில் 272 வகைகளின் மரபணுத் தொகுதிகளைப் படித்து, சிறந்த அசிட்டோன் நொதிகளைத் தேர்ந்தெடுத்து, வாயு உண்ணும் பாக்டீரியாவில் வைத்தார்கள்.

அங்கே ஒரு திருப்பம் காத்திருந்தது. ஆட்டோஎத்தனோஜீனத்தின் உள்ளேயே அசிட்டோனை ஐசோப்ரொப்பனாலாக்கும் நொதி ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஐசோப்ரொப்பனால் வேண்டுமென்றால் அதை விட்டுவைக்க வேண்டும். அசிட்டோன் வேண்டுமென்றால் அந்த மரபணுவை நீக்க வேண்டும். இப்படி வேண்டாத கிளைவழிகளை அடைத்து, 120 லிட்டர் கலனில், லிட்டருக்கு மணிக்கு சுமார் 3 கிராம் என்னும் வேகத்தை எட்டினார்கள். விளைந்ததில் ஏறத்தாழ 90 விழுக்காடு விரும்பிய பொருளே. ஏ.டி.பி. கணக்குக்குள் அடங்கும் பொருளைத் தேர்ந்தெடுத்ததால்தான் இவ்வளவு தூரம் வர முடிந்தது என்பது என் கருத்து.

அந்தக் கட்டுரை ஒரு கிலோ அசிட்டோனுக்கு மைனஸ் 1.78 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று கணக்குக் காட்டியது. பெட்ரோலிய வழியில் அது பிளஸ் 2.55 கிலோ. “காற்றிலிருந்து கார்பனைக் குறைக்கும் தொழிற்சாலை” என்று செய்திகள் பறந்தன. இந்த மைனஸ், பொருள் ஆலை வாயிலைத் தாண்டும் வரைக்குமான கணக்கு. ஒரு கிலோ அசிட்டோனில் சிறைப்பட்டுள்ள கார்பன், எரிந்தால் 2.28 கிலோ கார்பன் டை ஆக்சைடாகும். மூலக்கூறு எடையை வைத்து எந்த மாணவரும் இதைச் சரிபார்க்கலாம். ஆக, அந்த அசிட்டோன் கடைசியில் எரிந்துபோனால் கணக்கு பிளஸ் 0.5 கிலோவாகிறது. பெட்ரோலிய அசிட்டோனையும் அதேபோல் எரித்தால் 4.8 கிலோவைத் தாண்டும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் மாறவில்லை. அது பெரிய ஆதாயம்தான். ஆனாலும் மைனஸ் என்ற சொல்லைத் தனியே எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது.

எத்தனாலிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. கார்பன் மோனாக்சைடை மட்டும் உணவாகக் கொடுத்தால், ஆறு மூலக்கூறுக்கு ஓர் எத்தனால். ஆறு கார்பனில் இரண்டு பொருளுக்குள் போகிறது. நான்கு கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. கூடவே ஹைட்ரஜன் இருந்தால் இந்த விகிதம் உயரும். போதிய அளவு இருந்தால் கார்பன் முழுவதும் எத்தனாலுக்குள் போகும். எனவே மலிவான, தூய்மையான ஹைட்ரஜன் எங்கிருந்து வரும் என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு இந்தத் தொழிலின் எதிர்காலத்தைப் பேச முடியாது.

தொழிலாக நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷான் சிம்சனும் ரிச்சர்ட் ஃபார்ஸ்டரும் 2005-இல் ஆக்லாந்தில் தொடங்கிய லான்சாடெக், முதலில் நியூசிலாந்தின் கிளென்புரூக் எஃகு ஆலையில் சோதித்தது; 2012-இல் ஷாங்காய் அருகே பாவோஸ்டீல் ஆலையில் மாதிரிக் கலனை ஓட்டியது. சீனாவின் ஷோகாங் குழுமத்தின் ஆலையில் ஆண்டுக்கு 46,000 டன் எத்தனால் தரும் வணிக அளவிலான முதல் கூடம் 2018-இல் இயங்கத் தொடங்கியது. ஆலை வாயு எத்தனாலிலிருந்து ஆக்கிய விமான எரிபொருளைக் கலந்து, அதே ஆண்டு அக்டோபரில் வர்ஜின் அட்லாண்டிக் விமானம் ஆர்லாண்டோவிலிருந்து லண்டனுக்குப் பறந்தது. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஆர்சலர்மிட்டல் எஃகு ஆலையிலும் ஆண்டுக்கு 8 கோடி லிட்டர் திறனுள்ள கூடம் எழுந்தது. இத்தனைக்குப் பிறகும் 2025-இல் லான்சாடெக் கடும் பண நெருக்கடியில் சிக்கியது. பெட்ரோலியத்தோடு விலையில் போட்டியிடுவது அவ்வளவு கடினம்.

தோல்விகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆர்கன்சாஸ் பாக்டீரியாவின் தொழில்நுட்பத்தை வாங்கிய இனியோஸ் பயோ நிறுவனம், ஃபுளோரிடாவின் வெரோ பீச்சில், தோட்டக் கழிவையும் மரக் கழிவையும் வாயுவாக்கி எத்தனால் எடுக்கும் ஆலையைக் கட்டியது. திறன் ஆண்டுக்கு 80 லட்சம் கேலன், அதாவது சுமார் 3 கோடி லிட்டர். 2013-இல் எத்தனால் வந்துவிட்டதாக அறிவித்தார்கள். ஆனால் மரத்தை வாயுவாக்கும்போது மிகச் சிறிய அளவில் ஹைட்ரஜன் சயனைடும் உண்டானது. அது பாக்டீரியாவின் உலோக நொதிகளை முடக்கியது. வாயுவைக் கழுவும் கருவிகளைச் சேர்த்தார்கள். ஆனாலும் நினைத்த உற்பத்தி வரவில்லை. 2016-இல் ஆலை விற்பனைக்கு வந்தது. அந்தப் பாக்டீரியாவிடம் எந்தக் குறையும் இல்லை. அதன் நொதி மையத்தில் இருக்கும் நிக்கலும் இரும்பும்தான் அதற்கு வாயுவை உண்ணும் வரத்தைத் தந்தன. சயனைடு பற்றுவதும் அதே உலோகங்களைத்தான்.

இன்னொரு தடை நீரில் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு நீரில் கரைவது லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கும் குறைவு. சர்க்கரையைப் போலக் கரைத்து வைத்துவிட்டு உண்ணவிட முடியாது. நுண்ணிய குமிழிகளாக இடைவிடாமல் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குமிழியைச் சிறிதாக்க மின்சாரம் செலவாகும். ஆகவே இந்தத் துறைக்கு மரபணு அறிஞர் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை கலன் வடிவமைக்கும் வேதிப் பொறியாளரும். நம் கல்லூரிகளில் இந்த இரு துறையினரும் ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டே பேசிக்கொள்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இந்தியாவுக்கு வருகிறேன். பானிபட்டில் இந்தியன் ஆயில் சுத்திகரிப்பு ஆலையில், ஹைட்ரஜன் தயாரிப்புப் பிரிவின் கழிவு வாயுவிலிருந்து எத்தனால் எடுக்கும் கூடம் இருக்கிறது. திறன் நாளொன்றுக்கு 128 கிலோலிட்டர். எஃகு உற்பத்தியில் உலகில் இரண்டாம் இடத்தில் இருக்கும் நாடு நாம். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் நிலமும் நீரும் கேட்கும் எத்தனாலைவிட, ஆலை வாயுவிலிருந்து வரும் எத்தனால் நமக்கு நல்லது என்று நான் நம்புகிறேன். ஒரு நிபந்தனையோடுதான் நம்புகிறேன். நம் எஃகு ஆலைகள் இந்த வாயுவை வீணாக விடுவதில்லை. பெரும்பகுதியைத் தங்கள் அடுப்புகளிலும் மின் நிலையங்களிலும் எரிக்கின்றன. அதைப் பாக்டீரியாவுக்குத் திருப்பிவிட்டால், இழந்த மின்சாரத்தை யார் தருவது? நிலக்கரி தந்தால் ஆதாயம் கரைந்துவிடும்; சூரியனும் காற்றும் தந்தால் நிற்கும். திட்ட அறிக்கைகளில் நான் முதலில் தேடுவது இந்த ஒரு வரியைத்தான்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு: புதிய வகைகளைத் தேடிச் சேகரியுங்கள். வீரிங்காவின் வித்துகளையும் ஜோன்ஸின் சேகரிப்பையும் நான் இவ்வளவு நேரம் சொன்னதற்குக் காரணம் அதுதான். முயல், கோழி ஆகியவற்றின் கழிவு போன்றவற்றிலிருந்து வந்த ஒருசில வகைகளின் மேல்தான் இந்தத் தொழில் பெரும்பாலும் நிற்கிறது. மரம் தின்னும் கறையானின் குடலில் ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் அசிட்டேட்டாக்கும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்பது 1980களிலிருந்தே தெரியும். கறையானுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. மாட்டின் இரைப்பை, ஏரிச் சேறு, உப்பளச் சேறு ஆகியவற்றிலும் தேட வேண்டியவை நிறைய இருக்கின்றன. உயர்ந்த வெப்பத்தில் வளர்வது, சயனைடைச் சற்றே தாங்குவது, கார்பன் மோனாக்சைடு மிகுந்தாலும் திணறாதது என்று ஒவ்வொன்றுக்கும் இந்தத் தொழிலில் தேவை இருக்கிறது. ஆக்சிஜன் படாமல் வளர்க்கும் குழாய் முறையை இரைப்பை நுண்ணுயிர்களுக்காக ராபர்ட் ஹங்கேட் உருவாக்கித் தந்திருக்கிறார். தடித்த ரப்பர் அடைப்பான், நைட்ரஜன் சிலிண்டர், பொறுமை ஆகியவை இருந்தால் எந்த மாவட்டக் கல்லூரியிலும் தொடங்கலாம். கார்பன் மோனாக்சைடைத் தொடும் வேலைக்கு மட்டும் புகை உறிஞ்சும் பெட்டியும் எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம். ஹைட்ரஜனும் தீப்பற்றும், அதிலும் கவனம் வேண்டும். கிடைத்ததைச் சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்ச் சேகரிப்பகத்திலோ புனேயில் உள்ள தேசிய மையத்திலோ சேர்த்துவிடுங்கள். எடுத்த இடம், நாள், சேற்றின் வெப்பநிலை ஆகியவற்றை உடன் எழுதி அனுப்புங்கள்.